கேப்டன் தவறு செய்தால் யார் சொல்வது?

கேள்வி: விமானத்தில் கேப்டன் வைத்ததுதான் சட்டம் என்கிறார்கள். அவர் தவறு செய்வதைத் துணை விமானி பார்த்துவிட்டால் வாய் திறக்க முடியுமா?

திறந்தே ஆக வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம். ஒருவர் விமானத்தை ஓட்டும்போது மற்றவர் வேகம், உயரம், எரிபொருள், ஓட்டுபவரின் கை என எல்லாவற்றையும் கண்காணிப்பார். ஆனால் கண்ணில் பட்டதைச் சொல்லும் விதத்தில்தான் சிக்கல்.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் டிசி-8 விமானத்துக்குச் சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்ற சந்தேகம் வந்தது. கேப்டன் சுமார் ஒரு மணி நேரம் வானில் சுற்றியபடி அதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்னும் பதினைந்து நிமிடம் போனால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்று ஃப்ளைட் இன்ஜினியர் (விமானி அறையில் எஞ்சினையும் எரிபொருளையும் கவனிப்பவர்) சொன்னார். தகவல் சரிதான். 'இப்போதே இறங்குங்கள்' என்பது மட்டும் அதில் இல்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, ஓடுதளத்தை எட்டும் முன்பே விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அதே நிறுவனம் 1981-இல் தொடங்கிய பயிற்சிதான் இன்று சிஆர்எம் (Crew Resource Management, விமானக் குழு ஒருங்கிணைந்து செயல்படும் பயிற்சி) என்ற பெயரில் உலகம் முழுக்கக் கட்டாயமாகியிருக்கிறது.

அதில் கற்றுத்தரும் முறை படிப்படியாக அழுத்தம் கூட்டுவது. முதலில் கேள்வி: "கேப்டன், வேகம் 20 நாட் கூடுதல், கவனிச்சீங்களா?" அடுத்து எச்சரிக்கை: "இந்த வேகத்தில் ஓடுதளம் போதாது." மூன்றாவதாக நேரடிக் கோரிக்கை: "கேப்டன், இறங்க வேண்டாம், மேலே ஏறுங்கள்." அதற்கும் அசையாவிட்டால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லிக் கட்டுப்பாட்டைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். தரைக்கு அருகில் நான்கு படிகளுக்கும் நேரம் இருக்காது. நேராகக் கடைசிப் படிக்கே போகலாம்.

இத்தனையும் எடுபடுவது கேப்டன் கையில்தான் இருக்கிறது. புறப்படும் முன் "நான் எதையாவது விட்டுவிட்டால் உடனே சொல்லுங்கள்" என்று வெளிப்படையாகக் கேட்பவரிடம் இளையவர் பேசுவார். "சரிதானே?" என்று கேட்டால் "சரி சார்" என்ற பதில்தான் வரும். "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுத் தன் கருத்தைக் கடைசியில் சொல்கிற கேப்டன் எனக்கு எப்போதும் ஒரு படி மேல். முதல் தடவை சுட்டிக்காட்டும்போது அவர் முகம் சுளித்தால் போதும், அந்தப் பயணம் முழுக்க இரண்டாவது தடவை இருக்காது.

கேள்வி: தரையைத் தொடப்போகும் நேரத்தில் விமானம் சட்டென்று மேலே ஏறிவிட்டது. விமானி தப்புக் கணக்குப் போட்டுவிட்டாரா?

இல்லை, பயப்படாதீர்கள். இது 'கோ அரவுண்ட்', அதாவது இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிவிடுவது. மேகத்துக்குள் இறங்கும்போது ஓடுதளத்திலிருந்து 1,000 அடி உயரத்திலும், தெளிவான வானிலையில் 500 அடியிலும் ஒரு சோதனை உண்டு. சக்கரமும் ஃப்ளாப்பும் (இறக்கையின் பின்பக்க மடிப்பு) இறங்கும் நிலையில் இருக்க வேண்டும், வேகம் வரம்புக்குள் இருக்க வேண்டும், இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது, செக்லிஸ்ட் முடிந்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மேலே ஏற வேண்டியதுதான். கொஞ்சம் தள்ளி இறங்கினால் சமாளித்துவிடலாம் என்ற ஆசைதான் ஆளைக் கொல்லும்.

2010 மே 22 மங்களூரு விபத்தில் துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' என்றார். பயணத்தில் நெடுநேரம் தூங்கி எழுந்திருந்த கேப்டன் இறங்குவதிலேயே குறியாக இருந்தார். 158 உயிர்கள் போயின. துணை விமானி கட்டுப்பாட்டை ஏன் எடுக்கவில்லை? அவரே கோ அரவுண்ட் தொடங்கலாமா என்பதில் விதிகள் குழப்பமாக இருந்தது காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. விதியை எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. மேலே ஏறியதற்காக எந்த விமானியையும் 'ஏன்?' என்று குடையாத நிறுவனமே எனக்கு நல்ல நிறுவனம்.

கேள்வி: தவறை ஒப்புக்கொண்டால் விமானிக்கு வேலை போகாதா?

தெரியாமல் நடந்த தவறுக்குப் போகக் கூடாது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் ஏற்பாட்டில், வேண்டுமென்றே செய்யாத விதிமீறலை 10 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் பொதுவாகத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. பெயர் வெளியே வராது. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. குடித்துவிட்டு வருவது, தெரிந்தே செக்லிஸ்டைத் தாண்டுவது போன்றவற்றை எந்த நல்ல நிறுவனமும் மன்னிக்காது.