கல்ச்சர் ரிப்போர்ட்டும் வாஷ்பேசினும்

கேள்வி: காய்ச்சலோடு அப்பாவை ஐசியூவில் சேர்த்தோம். ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதற்கு முன் இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்தார்கள். ஒருமுறை குத்தினால் போதாதா? (வாசகி, திருச்சி)

பதில்: போதாது. இது கல்ச்சர் சோதனை: ரத்தத்தைப் பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள் ஊசியோடு பாட்டிலுக்குள் போய்விடும். ஒரு கை ரத்தத்தில் மட்டும் அவை வளர்ந்தால், பெரும்பாலும் தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை. இரண்டிலும் வளர்ந்தால் நிஜமான தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அளவும் முக்கியம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாத அளவுக்குத் தொற்று மெல்லியதாக இருக்கலாம். நரம்பு கிடைக்கவில்லை என்று 3 மில்லியோடு அனுப்பினால், கிருமி இருந்தும் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும். மருந்து ஏறிய பிறகு எடுத்தாலும் அதே கதைதான். ஆனால் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு, கல்ச்சர் எடுக்கவில்லையே என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்று கிருமியின் பெயரைப் போட்டு, ஆன்டிபயாட்டிக்குகளில் மெரோபெனத்துக்கு 'ஆர்' (கிருமி கட்டுப்படாது), கோலிஸ்டினுக்கு 'ஐ' (இடைநிலை) என்றிருக்கிறது. கோலிஸ்டின் பாதிதான் வேலை செய்யுமா? (வாசகர், கோவை)

பதில்: அப்படியில்லை. பல லேப்கள் பின்பற்றும், சிஎல்எஸ்ஐ என்ற அமெரிக்க அமைப்பின் அளவுகோலில் 2020 முதல் கோலிஸ்டினுக்கு 'எஸ்' (கிருமி கட்டுப்படும்) என்ற பிரிவே கிடையாது. கிருமியைத் தடுக்க மில்லிக்கு 2 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் குறைவாகப் போதுமென்றால் 'ஐ'. 4 அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டால் 'ஆர்'. ஆக, கிடைக்கக்கூடியதிலேயே நல்ல எழுத்து 'ஐ'தான். சிறுநீரகத்தைக் கெடுக்காத டோஸில் ரத்தத்தில் போதுமான மருந்து எப்போதும் சேர்வதில்லை, நுரையீரலுக்குள் இன்னும் குறைவாகவே போகிறது என்பதால்தான் 'எஸ்' எடுக்கப்பட்டது.

எந்த முறையில் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு. கிருமி வளர்க்கும் அகார் ஜெல்லியில் சரியாகப் பரவாது. அதன்மேல் மருந்து தோய்த்த டிஸ்க் வைத்துப் பார்த்த முடிவை நம்ப முடியாது. திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்க்கும் முறையை நம்பலாம். (கடைசி ஆயுதம் என்று நாம் பொத்திவைத்த இந்த மருந்தைத்தான் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். மத்திய அரசு தடை செய்தது 2019இல்!)

கேள்வி: எங்கள் ஐசியூவில் எல்லோரும் ஒழுங்காகக் கை கழுவுகிறோம். ஆனாலும் அதே கிளெப்சியெல்லா திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே தேடுவது? (செவிலியர், மதுரை)

பதில்: கை கழுவும் இடத்திலேயே தேடுங்கள். வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்த குழாயில் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். அதன் சுவரில் வழவழப்பாகப் படலம் படியும். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் ஒளிரும் ஈ.கோலை கிருமியை அந்த வளைவில் விட்டுப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். வளைவுக்குள் இருந்தவரை அது வெளியே தெறிக்கவில்லை. ஊட்டம் கிடைத்ததும் நாளுக்குச் சுமார் இரண்டரை செ.மீ. வீதம் குழாய்ச் சுவரில் மேலேறியது. பேசினின் அடியிலுள்ள சல்லடையை எட்டிய பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்தால், சுமார் 75 செ.மீ. வரை துளிகளோடு சிதறியது.

அந்த ஊட்டத்தை ஊற்றுவது நாம்தான்: மீந்த குளுக்கோஸ், டீ, ட்யூப் வழியாகக் கொடுக்கும் கஞ்சி. கை கழுவும் பேசினில் கை கழுவுவதைத் தவிர வேறெதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் நேராகச் சல்லடை மேல் விழாதபடி மாற்றச் சொல்லுங்கள். மருந்து கலக்கும் ட்ரே பேசினிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பிளீச் ஊற்றுவது பலரும் செய்வது. படலத்தின் அடியை அது எட்டுவதில்லை, சில நாட்களில் கிருமி திரும்பிவிடும். வளைவுக் குழாயையே மாற்றினாலும், ஊற்றும் பழக்கம் மாறாவிட்டால் மறுபடி அதே நிலைதான்.

கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது ஆல்கஹால் கரைசலை 20 முதல் 30 விநாடி தேய்த்தாலே போதும். க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியைத் தொட்ட பிறகு மட்டும் சோப்பும் தண்ணீரும்தான். அதன் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை.

வடிகாலில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சி மாதிரி) எடுத்தால், அதிலும் நோயாளியின் மாதிரியிலும் கிளெப்சியெல்லா என்று பெயர் வந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். நோயாளியிடம் கிடைத்த கிருமியோடு மரபணு வரிசையை ஒப்பிட்டால்தான் இரண்டும் ஒரே வம்சமா என்று சொல்ல முடியும். அதற்காக இரண்டு மாதிரிகளையும் எறிந்துவிடாமல் உறைநிலையில் வைத்திருக்கும்படி மைக்ரோபயாலஜி லேப்பிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.