முதல் குளிர்காலத்திலேயே ஏரிப் பனியில் மீன்பிடிக்கப் போகலாமா?

ஒக்டோபரில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: "உறைந்துபோன சிம்கோ ஏரியில் துளை போட்டு மீன்பிடிக்க வரும் சனிக்கிழமை வருமாறு வேலையிடத்து நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ஏரியின் மேல் நடப்பதா என்று மனைவி பயப்படுகிறார். போகலாமா? பாதுகாப்பானதா? அதில் அப்படி என்னதான் இருக்கிறது?"

பதினெட்டுக் குளிர்காலங்களாக அந்த ஏரிக்குப் போய்வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி: போகலாம். ஆனால் யாருடன் போகிறீர்கள், அவர்களுக்கு அந்தப் பனிக்கட்டியைப் பற்றி என்ன தெரியும் என்பவற்றைக் கேட்டறிந்த பிறகே போக வேண்டும். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது.

முதலில் அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிம்கோ ஏறத்தாழ 720 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஏரி. கோடையில் படகு இல்லாதவருக்குக் கரையோரம் மட்டுமே உரியது. ஜனவரியில் அது நன்றாக உறைந்தபின் நடுப்பகுதி வரை எல்லாருக்கும் திறந்துவிடுகிறது. ஆகர் என்னும் திருகுத் துளைப்பானால் ஒரு சாண் அகலத்தில் துளை போட்டு, மிதக்கும் பனித்தூளைச் சல்லடைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, முழங்கை நீளமே உள்ள தூண்டிலின் தங்கூசியை அந்தக் கறுத்த நீருக்குள் இறக்கி, இரை அடித்தளத்தைத் தொட்டதும் சற்றே உயர்த்தி, விரல் நுனியால் மெல்ல அசைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மஞ்சள் பேர்ச் மீன் கொத்துவது, யாரோ தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டுவதுபோல் இருக்கும். ஆழத்தில் லேக் ட்ரவுட் ஒன்று கவ்விவிட்டால் அந்தச் சிறு தூண்டில் வில்லாக வளைந்துவிடும். அப்போது உங்கள் கைக்குக் குளிர் என்பதே நினைவிருக்காது.

இத்தனை குளிரில் மீன் எப்படி உயிருடன் இருக்கிறது என்று நானும் முதலாண்டில் வியந்தேன். நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் அந்த வெப்பநிலையில் உள்ள நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. உறைந்த தட்டு மேலிருந்து போர்வைபோல் மூடிக்கொள்கிறது. கீழே மீன்கள் வேகம் குறைந்து, குறைவாகத் தின்று, உயிரோடு இருக்கின்றன. ஆகவே இரையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டாதீர்கள். குளிர்கால மீனுக்குத் துரத்தும் ஆர்வம் கிடையாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வெப்பநிலை மாறும்போது பனித்தட்டு விரிந்தும் சுருங்கியும் முறுகும். அப்போது காலுக்கடியில் இடி உருள்வதுபோலவோ, இறுகிய கம்பியொன்றை அடித்ததுபோலவோ ஓசை எழும். முதன்முறை கேட்டபோது நான் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். நண்பர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த ஓசை மட்டுமே ஆபத்தின் அடையாளமன்று. எந்த ஓசையும் எழுப்பாத மெல்லிய பனிதான் ஆளை விழுங்கும்.

தடிப்பைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். தெளிந்த, நீலம் பாய்ந்த பனிக்கட்டி 10 சென்ரிமீற்றர் இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது மீன்பிடிப்போர் பரவலாகச் சொல்வது. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது. நான் 15-ஐத்தான் எடுத்துக்கொள்கிறேன், அதுவும் ஒருவருக்கொருவர் சில மீற்றர் இடைவெளி விட்டு. ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டி ஓட 25 வேண்டும். வெண்பனி ஊறி உறைந்த பால்வெள்ளைப் பனிக்கோ தெளிந்த பனியின் பாதி வலிமைதான். அதற்கு இரட்டிப்புத் தடிப்புக் கணக்கிட வேண்டும். இதைவிட முக்கியமானது, ஓரிடத்தில் அளந்த தடிப்பு இருபது அடி தள்ளி இருக்காது என்பது. ஆறு வந்து சேரும் முகத்துவாரம், அடியில் ஊற்றுள்ள இடம், பனித்தட்டுகள் மோதி மேடாக எழுந்த கோடு, நாணலும் பாறையும் துருத்தும் இடம் எல்லாம் மெலிந்திருக்கும். சிம்கோவில் தென்புறத்துக் குக்ஸ் குடா ஆழம் குறைந்ததால் முந்தி உறையும்; ஆயினும் ஹொலண்ட் ஆறு அங்கேதான் வந்து விழுகிறது. பாரி நகரத்துப் பக்கமுள்ள கெம்பன்ஃபெல்ற் குடா ஆழமானது, பிந்தி உறையும். ஆகவே "ஏரி உறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் எந்த இடத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

என் காலொன்று பனி உடைந்து உள்ளே போனதுகூட ஏரி நடுவிலன்று. மார்ச் மாதம், அரை மீற்றர்த் தடிப்புள்ள பனியில் பகல் முழுவதும் இருந்துவிட்டு, கரைக்கு நான்கு எட்டு இருக்கையில் தொடை வரை இறங்கிவிட்டேன். காலையில் இறுகியிருந்த கரையோரத்தை அன்றைய வெயில் இளக்கியிருந்தது. அங்கே ஆழமில்லாததால் சப்பாத்தும் காற்சட்டையும் நனைந்ததோடு தப்பினேன். அன்றிலிருந்து மார்ச்சில் நான் போவதில்லை. என்னைக் கோழை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆழத்தில் விழுந்தால் என்ன செய்வது? மனிதோபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய கோர்டன் கீஸ்பிறெக்ற், தாமே பனிநீரில் இறங்கி ஆராய்ந்தவர், இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார். முதல் ஒரு நிமிடம், தானாக எழும் மூச்சுத் திணறலை அடக்க. அடுத்த பத்து நிமிடங்கள், கைகால்கள் சொன்னபடி கேட்கும் நேரம். அதன்பின் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அதாவது விழுந்தவுடன் உறைந்து சாவோம் என்று பதறுபவரே முதல் நிமிடத்தில் நீரை விழுங்குகிறார். மூச்சை நிலைப்படுத்திக்கொண்டு, வந்த திசைக்குத் திரும்புங்கள். உங்களைத் தாங்கிய பனி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கைகளை அதன்மேல் நீட்டி, கால்களை நீந்துவதுபோல் உதைத்து, வயிற்றால் வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். வழுக்கும் பனியைப் பற்றுவதற்கென்றே கூரிய முனையுள்ள இரண்டு கைப்பிடிகளைக் கயிற்றில் கோத்து விற்கிறார்கள். அவை பையிலன்று, கழுத்தில் தொங்க வேண்டும். மற்றவர் விழுந்தால் அருகே ஓடாமல் படுத்துக்கொண்டு கயிற்றை எறியுங்கள்.

பனியின் மேல் மீன்பிடிக்க வைக்கும் குடிலுக்குள் இருப்பவருக்கு வேறோர் ஆபத்து உண்டு. காற்றுப்புக வழியில்லாமல் அடைத்துவிட்டு எரிவாயு அடுப்பை மூட்டினால் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மொனொக்சைட் சேரும். தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே வெளியே வாருங்கள். சிறிய எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் கொண்டுபோங்கள். காற்றின் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2009 பெப்ரவரியில் ஈரி ஏரியின் ஒகாயோக் கரையருகே பனித்தட்டு பிளந்து மிதந்துபோய், நூற்றுக்கு மேற்பட்ட மீன்பிடிப்போர் அகப்பட்டுக்கொண்டார்கள்; ஒருவர் இறந்துபோனார். தட்டு தடிப்பாக இருந்தாலும் காற்று அதைக் கரையிலிருந்து பிரித்துவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 18 முதல் 64 வயது வரையுள்ளவர்க்கு மீன்பிடி அனுமதி அவசியம். ஒன்ராறியோவாசிக்கான கட்டணத்தில் அதைப் பெற இங்கே தொடர்ந்து ஆறு மாதமாவது வசித்திருக்க வேண்டும்; உங்களுக்கு இன்னும் அவ்வளவு காலம் ஆகவில்லை. நண்பரின் அனுமதியைக் கொண்டு நீங்கள் பிடிக்க முடியாது. பனியில் பெரும்பாலான நீர்நிலைகளில் ஆளுக்கு இரண்டு தூண்டில்கள் போடலாம், ஆனால் அவற்றிலிருந்து 60 மீற்றருக்குள் இருக்க வேண்டும்.

சனிக்கிழமைக்கு முன் நண்பர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அந்த வாரம் தடிப்பை அளந்தது யார்? குடில் வாடகைக்கு விடுபவருடன் போகிறோமா, தனியாகவா? முதல் தடவை அப்படி ஒருவருடன் போவதே என் ஆலோசனை. அவர்கள் நாள்தோறும் பனியைத் துளைத்துப் பார்ப்பவர்கள், தங்கள் வண்டியிலேயே குடில் வரை கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார்கள். பருத்தி உடையைத் தவிர்த்துக் கம்பளி உடுத்துங்கள். எந்தக் குடாவுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், குடில்காரரின் தொலைபேசி எண் என்ன என்பவற்றை எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரம் கடந்து ஒரு மணி நேரமாகியும் நீங்கள் அழைக்காவிட்டால் அவர் 911-ஐ அழைக்கட்டும்.