ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர்?

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளர்தான் என்று சட்டமே உண்டாமே? எவரும் எதிர்க்கவில்லையா? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: உண்மைதான் தங்கச்சி. 1999இல் சட்டம் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்தது. சாதாரண விடுதியில் ஆறு பேருக்கு ஒருவர், மறு வருடம் ஐந்து பேருக்கு ஒருவர் என்று ஆக வேண்டியதை ஆளுநர் சுவார்ஸ்நெகர் தள்ளிப்போடப் பார்க்க, தாதியர் சங்கம் விடாமல் வீதியிலும் நீதிமன்றத்திலும் நின்று 2005இல் வென்றது. அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான மாசசூசெட்ஸில் 2018 வாக்கெடுப்பில் இதே கோரிக்கை தோற்றது. செலவு கூடும் என்பதுதான் வைத்தியசாலைகளின் வாதம். சரி, நடு இரவில் ஒரு கட்டிலில் சேலைன் முடிந்து குழாயில் இரத்தம் ஏற, அடுத்த கட்டிலில் மூச்சு முட்டினால் தனி ஆள் எங்கே ஓடுவது? மட்டக்களப்பில் புதுக் கட்டடம் தருவோம் என்று வாக்குக் கேட்டு வருபவர்களிடம், இரவில் அங்கே எத்தனை தாதியர் நிற்பார்கள் என்றும் கேளுங்கள்.