பின்குறிப்பில் ஒரு பிழை

அன்புள்ள ஐயா,

நான் டல்லஸில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா ஆறு மாதம் எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் பகலில் நாங்கள் வேலைக்குப் போனபின் அவருக்குத் துணை தொலைக்காட்சிதான். பழைய கௌபாய் தொடரான ‘கன்ஸ்மோக்’கைத் தினமும் மறுஒளிபரப்புச் செய்வார்கள். சலூன் என்று பலகை மாட்டிய மதுக்கடையில் ஏன் ஒருவனும் முடி வெட்டிக்கொள்வதில்லை என்று கேட்டுக்கொண்டே பார்ப்பார்.

டிசம்பரில் ஒரு விடுமுறை நாளில் ‘பி.எஸ். மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்ற எபிசோடை இருவரும் சேர்ந்து பார்த்தோம். அநாதை விடுதியிலிருந்து ஏழு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவரும் எடுபிடி ஆள், பின்னாலேயே வரும் கண்டிப்பான காப்பாளர், டாட்ஜ் சிட்டியில் கிறிஸ்துமஸ். முடிவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலக சினிமா பார்க்கிறவன் நான். எனக்கே வெட்கமாகப் போயிற்று. இந்த மாதிரிப் பண்டிகைக் காலப் படைப்புகள் மலிவான உணர்ச்சிச் சுரண்டல்தானே? உண்மையான டாட்ஜ் சிட்டி இப்படியா இருந்தது? பூர்வகுடிகளின் நிலத்தைப் பறித்தவர்களின் கதையை இனிப்புத் தடவித் தருவது சரியா?

ர.

பின்குறிப்பு: அந்த எபிசோடைப் பார்த்து அப்பா வாய்விட்டுச் சிறித்தார். அம்மா போன பிறகு அவரை அப்படி நான் பார்த்ததில்லை. போன ஆவணியில் அவரும் போய்விட்டார்.

*

அன்புள்ள ர.,

இரண்டு கேள்விகளை முதலிலேயே கழித்துவிடுகிறேன். உண்மையான டாட்ஜ் சிட்டி இப்படி இருந்ததா? இல்லை. 1872இல் கான்சாஸ் மாநிலத்தில் முளைத்து, மாட்டு வியாபாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆட்டம் போட்டு அடங்கிய ஊர் அது. நீங்கள் பார்த்த தெரு கலிஃபோர்னியாவில் ஸ்டுடியோவுக்காகப் போட்டது. பூர்வகுடிகள் பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் கண் கலங்கிய வெட்கத்தை மறைக்க அதை இழுத்துவந்து முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். அவர்கள் பட்ட பாட்டை உங்கள் வெட்கத்துக்குப் போர்வையாக்காதீர்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள், பேசலாம்.

மலிவா என்று கேட்டதற்கும் சுருக்கமாகவே சொல்கிறேன். தீபாவளிச் சீட்டு கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாராவாரம் வயிற்றைக் கட்டிக் கட்டுவார்கள், ஒரு நாள் பலகாரப் பெட்டி வரும். ‘கன்ஸ்மோக்’ தொலைக்காட்சியில் தொடங்கியது 1955இல். ஆரம்ப ஆண்டுகளில் தெருவில் ஒருவனைச் சுட்டுச் சாய்த்துவிட்டுத்தான் கதையையே தொடங்குவார்கள். ஆறடி ஏழு அங்குலம் ஜேம்ஸ் ஆர்னெஸ். அந்த ஊரில் சட்டத்தைக் காக்கும் மார்ஷல் மேட் டில்லனாக அவர் நடந்துவந்தால் வாசல் நிலையே சற்றுப் பணியும். இப்படிப் பதினாறு ஆண்டுகள் ரத்தமும் புழுதியுமாகக் கட்டிய சீட்டுக்குத்தான் ஒரு வாரம் பலகாரம் வந்தது. பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு மலிவு என்கிறீர்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். எபிசோடின் தலைப்பைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். சரியாக எழுதியதுதான் தப்பு. அதன் பெயர் ‘மெர்ரி’ இல்லை, ‘மர்ரி’. ஆங்கிலத்தில் ‘ஈ’ வரவேண்டிய இடத்தில் ‘யூ’ போட்டு, எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பிள்ளை எழுதியதுபோலவே வைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனம், பெரிய சம்பளம் வாங்கும் எழுத்தாளர்கள், பத்துப் பேர் பார்த்துத் தேறிய தாள். அத்தனை பேரும் அந்த ஒரு எழுத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரே ஒரு ஆள், போகிற போக்கில் திருத்திவிட்டீர்கள். படத்தை எப்படிப் பார்த்தீர்கள் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

அதிலும் அது ‘பி.எஸ்.’ என்று தொடங்குகிறது. கடிதத்தை முடித்து, கையெழுத்தும் போட்டபின் மனசு கேட்காமல் எழுதும் வரி. இந்த எபிசோடே ஒரு பின்குறிப்பு மாதிரிதான் வந்தது. அது ஒளிபரப்பானது 1971 டிசம்பர் 27, திங்கட்கிழமை. கிறிஸ்துமஸ் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. அந்தத் தொடரின் நாள் திங்கள். பண்டிகைக்காக அதை யாரும் மாற்றவில்லை. வீடுகளில் மரத்தடியில் கிழித்த காகிதம் கிடந்திருக்கும். அப்போதுதான் இவர்கள் வந்து வாழ்த்துச் சொன்னார்கள், எழுத்துப் பிழையோடு.

ஜாக் ஈலம் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே நீங்கள்! அந்த எடுபிடி ஆள், டைட்டஸ் ஸ்பாங்ளர், அவர்தான். சிறு வயதில் இன்னொரு பையன் பென்சிலால் குத்தியதில் இடது கண் பார்வை போனவர். அந்தக் கண் ஒரு பக்கம், மறு கண் ஒரு பக்கம். சினிமாவுக்கு வருமுன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தபின் இருபது ஆண்டுக்கு மேல் அந்த முகத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் அடியாள் வேஷம். முதல் பாதியிலேயே சுடப்பட்டுச் சாகிறவன். அந்த முகத்தைச் சுற்றி ஏழு குழந்தைகளை நிற்கவைத்தார்கள். அதில் ஒன்று ஒன்பது வயது ஜோடி ஃபாஸ்டர். பின்னாளில் இரண்டு ஆஸ்கர் வாங்கப்போகிறவர். பெரியவர்கள் பயந்த முகத்தை அந்தக் குழந்தைகள் பயமில்லாமல் அண்ணாந்து பார்க்கின்றன. வேடிக்கை அவ்வளவும் அந்தப் பார்வையில் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இதற்கு ஆங்கிலம் எதற்கு?

காப்பாளர் எம்மா கிரண்டியாக வந்த ஜீனெட் நோலன் இன்னும் சாமர்த்தியசாலி. அதே 1971இல், மார்ச் மாதம், இதே தொடரில் டர்ட்டி சாலி என்ற வாய்த்துடுக்கான கிழவியாக வந்து அமர்க்களம் செய்தவர். டிசம்பரில் கழுத்துவரை பொத்தான் போட்ட கிரண்டி. நீங்கள் அவரை ‘கண்டிப்பான காப்பாளர்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். கதை நடக்கும் காலத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு வெளியே என்ன இருந்தது? 1854 முதல் 1929 வரை நியூயார்க் போன்ற கிழக்கத்திய நகரங்களிலிருந்து ஆதரவற்ற பிள்ளைகளை ரயிலில் ஏற்றி மேற்கே அனுப்பினார்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் பிள்ளைகள். கான்சாஸுக்கும் வந்தார்கள். ஸ்டேஷனிலும் சர்ச்சிலும் வரிசையாக நிறுத்துவார்கள். பண்ணைக்காரர்கள் வந்து, சந்தையில் கன்றுக்குட்டி பார்ப்பதுபோலக் கையை அழுத்திப் பார்த்துக் கூட்டிப்போவார்கள். நல்ல வீடு கிடைத்தவர்களும் உண்டு, மாடாக உழைத்துத் தேய்ந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில் ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கூரையையும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் கட்டிக்காத்த ஒரு பெண்பிள்ளை சிரிக்க மறந்துபோனால் அதில் என்ன அதிசயம்? பாரபட்சம் இல்லாமல், ஒரு நாள் விடாமல், எல்லோரையும் திருத்திக்கொண்டே இருந்தார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த அன்பு.

எனக்கு அவரை நன்றாகத் தெரியும் தம்பி. நான்தான் அவர்.

எழுபதுகளின் கடைசியில் நான் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். பகல் முழுக்கச் சிவப்புப் பேனா. பஸ்ஸில் ஏறினால் கடைப் பலகைகளின் ஒற்றுப் பிழைகளை எண்ணிக்கொண்டு வருவேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடமே ‘அழைப்பிதழில் இரண்டு தப்பு’ என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கோடையில் ஏழு வயது மகளைத் திருநெல்வேலியில் அவள் ஆச்சி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். பத்து நாளில் ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்தது. அவளே எழுதியது. கோடு போட்டு, கோட்டைத் தாண்டி, மடிப்பு ஓரத்திலெல்லாம் ஏறி எழுதியிருந்தாள். பூனை குட்டி போட்டது, கிணற்றில் வாளி விழுந்தது, மாமா பாதாளக் கரண்டி போட்டு எடுத்தார். கடைசியில் பேர் எழுதி, அதற்கும் கீழே, ஒட்டுகிற பசைக்குப் பக்கத்தில், ‘அப்பாவ தேடுது’ என்று ஒரு வரி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினொரு சிவப்பு வட்டம் போட்டேன். ‘கிணறு’க்கு வல்லின ‘று’ என்று ஓரத்தில் எழுதினேன். கடைசி வரியில் ‘அப்பாவைத் தேடுகிறது’ என்று திருத்தி, பக்கத்தில் ‘எழுவாய் எங்கே?’ என்று கேட்டேன். உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, அவளுக்கே திருப்பி அனுப்பினேன். பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பெருமை வேறு.

தெற்கத்திச் சீமையில் ‘தேடுது’ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பார்க்காமல் இருக்க முடியவில்லை, மனசு ஏங்குகிறது என்று பொருள். அதற்கு எழுவாய் கிடையாது. நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். என் அம்மாவுக்கு ஹாஸ்டலிலிருந்து நானே எத்தனையோ முறை அதை எழுதியிருக்கிறேன். கையில் சிவப்புப் பேனா இருந்தபோது அது என் கண்ணில் படவில்லை.

அடுத்த கடிதம் ஆச்சியின் கையெழுத்தில் வந்தது. ‘பிள்ளை எழுத மாட்டேன் என்கிறாள், நீங்கள் சுகம்தானே’ என்று இரண்டு வரி. அதன்பின் அவள் எனக்குக் கடிதமே எழுதியதில்லை. இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தினமும் பேசுகிறாள், மாத்திரை போட்டாயா என்று அதட்டுகிறாள். எழுதுவது மட்டும் கிடையாது. வாட்ஸ்அப்பில்கூடக் குரல்பதிவுதான் அனுப்புவாள். அந்த இன்லேண்ட் லெட்டரைச் சான்றிதழ்களோடு பத்திரமாக வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையிடம் காட்டி ஒருமுறை சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இந்த எபிசோடைப் பல ஆண்டு கழித்துப் பார்த்தபோது எனக்குக் குழந்தைகள் மேல் கண் போகவில்லை. கிரண்டி எப்போது வருவார், வந்து என்ன செய்வார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாட்ஜ் சிட்டியில் அந்த அம்மாளைக் கடைசியில் விரட்டியடிக்கவில்லை, பண்டிகைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கு ஓர் இடம் விட்டார்களே என்று எனக்கு அப்படி ஒரு ஆறுதல்.

உங்கள் கேள்வி என்ன? மலிவா என்று கேட்டீர்கள். இன்னும் அதையேதான் கேட்கிறீர்களா? ஒரு பக்கம் முழுக்க உலக சினிமா, சுரண்டல், பூர்வகுடிகள் என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போட்டபின் மூன்று வரியில் அப்பாவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். அந்த மூன்று வரிதான் கடிதம். மேலே இருப்பதை அனுப்பாமலே இருந்திருக்கலாம். சலூன் பற்றி அவர் கேட்டதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்றாவது எழுதியிருக்கலாம். அவர் எந்த இடத்தில் சிரித்தார்? ஈலத்தின் முகத்தைப் பார்த்தா, குழந்தைகளைப் பார்த்தா? அதை மறக்குமுன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்.

பின்குறிப்பு: உங்கள் பின்குறிப்பில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. கை துறுதுறுத்தது. அப்படியே வெளியிட்டிருக்கிறேன்.