பிரித்துப் போட்டாலும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் குப்பையைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். குப்பையோடு நிற்காமல் பை, புகை, மரக்கன்று, தண்ணீர் என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். அதிகம் பேர் கேட்டவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தினமும் பிரித்து வைக்கிறேன். வண்டி வந்ததும் இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டுகிறார்கள். அப்புறம் நான் எதற்குப் பிரிக்க வேண்டும்?

வந்த கடிதங்களில் பாதி இந்தக் கேள்விதான். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இரண்டு வாளி வைத்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழக்கிய பிறகு, கண் முன்னாலேயே அதைக் கலந்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

முதலில் ஒரு நாள் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று உள்ளே பாருங்கள். சில வண்டிகளில் நடுவில் தடுப்பு இருக்கும், வாசலில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. சில இடங்களில் வண்டி போய்ச் சேரும் இடத்தில் மறுபடி பிரிப்பார்கள். நிஜமாகவே கலக்கிறார்கள் என்றால், வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்குக் கொடுத்த வண்டி அவ்வளவுதான். பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, தடுப்பு வைத்த வண்டி வேண்டும் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு வீட்டுப் புகாரைவிட ஒரு தெருவின் கோரிக்கைக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் இதையெல்லாம்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஈரக் குப்பை உங்கள் வீட்டை விட்டு வெளியே போகாவிட்டால், வண்டியில் அவர்கள் கலப்பதற்கு உங்கள் பங்கில் ஒன்றும் இருக்காது. காகிதம், அட்டை, பாட்டில் எல்லாம் வீணாவது காய்கறித் தோலும் மிச்ச சோறும் அதன் மேல் படுவதால்தான், நனைந்து நாறிய அட்டையை யார் எடுப்பார்கள்? அதே ஈரக் குப்பை குப்பைமேட்டின் அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். குப்பைமேடுகள் நாள்கணக்கில் எரிவதற்கும் அது ஒரு காரணம். அதனால் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் ஈரக் குப்பையை உரத்தொட்டியில் போட்டு வீட்டிலேயே நிறுத்துங்கள். வண்டிக்காரர் உலர்ந்ததை எப்படிக் கொட்டினாலும் உங்கள் வீட்டு ஈரத்தால் அது கெடாது.

அப்புறம், யார் கலந்தாலும் அதில் கை விடுவது ஒரு மனிதர். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் தடித்த தாளில் சுற்றி, வெளியில் ‘கண்ணாடி’ என்று எழுதிக் கொடுங்கள். நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சுற்றுங்கள். செல்போன், பவர் பேங்க் பேட்டரியை எந்த வாளியிலும் போடாதீர்கள். வண்டி குப்பையை அழுத்தும்போது அது நசுங்கித் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: உரத்தொட்டி வைத்தேன். இரண்டே வாரத்தில் நாற்றம், மேலே புழு. வீட்டில் எல்லோரும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

தூக்கிப் போடாதீர்கள். உங்கள் தொட்டியில் சருகு போதவில்லை, அவ்வளவுதான்.

காய்கறித் தோலில் நைட்ரஜனும் ஈரமும் அதிகம், காய்ந்த இலையில் கார்பன் அதிகம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். இதை எடை போட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஒரு கிண்ணம் ஈரக் குப்பை போட்டால் அதன் மேல் இரண்டு கிண்ணம் சருகோ, கிழித்த அட்டையோ, தேங்காய் நார்த்தூளோ போட்டு மூடினால் போதும்.

மூக்கும் கையும் மீதியைச் சொல்லிவிடும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றுப் போகவில்லை என்று அர்த்தம், ஒரு குச்சியால் அடிவரை கிளறிவிடுங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறும் அமோனியா நெடி என்றால் பச்சைப் பொருள் கூடிவிட்டது. அடுத்து நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு வேண்டும், கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். நானும் முதல் தொட்டியில் மூன்று வாரம் வெறும் தோலாகவே போட்டு வந்தேன், நாற்றம் தாங்கவில்லை. ஒரு மூட்டைச் சருகு வந்து சேர்ந்ததும் நான்கே நாளில் வாடை நின்றது. அன்றிலிருந்து என் தொட்டிக்குப் பக்கத்தில் சருகு மூட்டை இல்லாத நாளே கிடையாது.

புழுவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வெளுப்பாக, தடிமனாக, வளர வளரப் பழுப்பாக மாறும் புழு என்றால் அது பெரும்பாலும் ‘பிளாக் சோல்ஜர் ஃப்ளை’ என்ற ஈயின் புழு. குப்பையை வெகு வேகமாகத் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ வீட்டுக்குள் வந்து சாப்பாட்டின் மேல் மொய்க்காது. பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் ஈரத்தைக் குறைத்துச் சருகை ஏற்றுங்கள், தானாகக் குறையும்.

இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, உதிரியாக, மழை நனைத்த மண்ணின் வாசனையோடு இருந்தால் உரம் தயார். அந்த வாசனைக்குப் பெயர் ஜியோஸ்மின், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. வீட்டில் முகம் சுளித்தவர்களைக் கூப்பிட்டு ஒரு பிடி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் பையை விட்டுத் துணிப்பைக்கு மாறிவிட்டோம். இப்போது எந்த விழாவுக்குப் போனாலும் துணிப்பை தருகிறார்கள், வீட்டில் இருபது சேர்ந்துவிட்டது. இது சரியா?

சரியில்லை. பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் நிலமும் வேண்டும். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2018இல் இதைக் கணக்கிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்று, கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் 52 முறை பயன்பட வேண்டும். நீர், ஓசோன் என்று எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 முறை. பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் போவதும் இந்தக் கணக்கில் இல்லை, அதனால் பிளாஸ்டிக்கே நல்லது என்று இதைப் படிக்கக் கூடாது. இருபது பை வேண்டாம், இரண்டு போதும், அவை கிழியும்வரை உழைக்கட்டும் என்றுதான் படிக்க வேண்டும். ஒன்றை வண்டியிலும் ஒன்றைக் கதவுப் பக்கத்து ஆணியிலும் மாட்டி வையுங்கள். அடுத்த முறை யாராவது நீட்டினால், வீட்டில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று அச்சிட்ட தம்ளர்களை எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வாங்கலாமா?

வேண்டாம். பிஎல்ஏ என்ற தாவரவழிப் பிளாஸ்டிக்கால் செய்தவை ஏறத்தாழ 60 டிகிரி வெப்பம் நிலையாக இருக்கும் பெரிய உரக்கூடங்களில்தான் மக்கும். உங்கள் தொட்டியிலும் தெரு ஓரத்திலும் அப்படியே கிடக்கும். காகிதத் தம்ளருக்கும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. சங்கத்துக்கு ஐம்பது எவர்சில்வர் தம்ளர் வாங்கி வையுங்கள், கழுவ ஆள் இல்லை என்றால் அவரவர் தம்ளரை அவரவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: ‘இங்கே யாருமே குப்பையைப் பிரிப்பதில்லை, வெட்கப்படுங்கள்’ என்று குடியிருப்பில் பலகை வைத்தோம். நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. ஏன்?

அந்தப் பலகைதான் காரணமாக இருக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாக மாறிய மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா உண்டு, பார்க்க வருகிறவர்கள் துண்டு துண்டாக எடுத்துப் போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவும் அங்கே இரண்டு விதமான பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். ‘நிறையப் பேர் எடுத்துப் போய்விட்டார்கள், காடே மாறிப்போனது’ என்ற பலகை இருந்த பாதையில் 7.92 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொன்ன பாதையில் 1.67 சதவீதம்தான். எல்லோரும் செய்கிறார்கள் என்று நாமே எழுதி வைத்தால், சரி, நானும் செய்தால் என்ன என்றுதான் மனது போகும்.

பலகையைக் கழற்றிவிடுங்கள். அதற்குப் பதில் உண்மையான கணக்கை எழுதுங்கள்: ‘இரண்டாம் மாடியில் எட்டு வீட்டில் ஆறு வீடு பிரித்துத் தருகிறது.’ பனி உருகித் தவிக்கும் தூரத்துப் பனிக்கரடியைவிடப் பக்கத்து வீட்டு வாளிதான் ஒருவரை அசைக்கும். பிரித்துப் போட மூன்று மாடி இறங்க வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் குறை மனிதரிடம் இருப்பதில்லை, தொட்டி வைத்த இடத்தில்தான் இருக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் தினமும் காலையில் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார். நடுவில் பிளாஸ்டிக் கவரும் எரிகிறது. என் மகளுக்கு ஆஸ்துமா. எப்படிச் சொல்வது?

முதலில் குழந்தையைப் பாருங்கள். புகை வரும் நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடி, அவளை மறுபக்க அறையில் வைத்திருங்கள். புகையில் இருக்கும் பிஎம் 2.5 துகள் நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான், நேராக நுரையீரலின் அடிவரை போகும். எரிவதில் பிவிசி என்ற வகைப் பிளாஸ்டிக் இருந்தால் டையாக்சின் என்ற நச்சும் சேரும்.

பெரியவரிடம் போகும்போது சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். விடியற்காலையில் எழுந்து தெருவைக் கூட்டுகிறவர் அவர், அசுத்தம் பிடிக்காதவர். கூட்டிய சருகை எங்கே போடுவது என்று தெரியாமல்தான் கொளுத்துகிறார். அதனால் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போங்கள். “ஐயா, எங்கள் உரத்தொட்டிக்குச் சருகு வேண்டும், எரிக்காமல் இதில் போட்டு வைக்கிறீர்களா? நானே தினமும் வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று கேளுங்கள். சொன்னபடி தினமும் போய் எடுங்கள், ஒரு நாள் தவறினால் மறுநாள் தீக்குச்சி உரசப்படும். இரண்டு மூன்று வாரம் ஆனபிறகு மகளின் மூச்சுத் திணறலையும் பிளாஸ்டிக்கையும் மெதுவாகச் சொல்லுங்கள், அப்போது காது கொடுத்துக் கேட்பார். இவ்வளவு செய்தும் எரித்தால் புகார் கொடுங்கள். குழந்தையின் மூச்சு விஷயத்தில் தயக்கமே வேண்டாம்.

சருகு போதாத உரத்தொட்டியைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டவர் இவர் வீட்டுப் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி: உலகத்தின் மாசில் 71 சதவீதத்துக்கு நூறு கம்பெனிகள்தான் காரணமாமே? நான் ஒருத்தன் மாறி என்ன ஆகப் போகிறது?

2017இல் வந்த ஒரு அறிக்கையின் கணக்கு அது. 1988இலிருந்து தொழில்துறை வெளியிட்ட, பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுவில் 71 சதவீதத்தை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுக்கும் 100 நிறுவனங்களோடு சேர்த்துச் சொன்னது. ஆனால் அந்த நிறுவனங்கள் விற்ற எரிபொருளை நாம் வண்டியிலும் அடுப்பிலும் எரித்ததும் அதற்குள்தான் அடக்கம். அதனால் கம்பெனிகளைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும், நம் கையைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது.

ஒருவர் மாறுவது ஒருவரோடு நிற்பதும் இல்லை. கலிஃபோர்னியாவில் சூரிய மின்தகடுகளைப் பற்றி 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு பகுதியில் ஏற்கெனவே தகடு போட்ட வீடுகள் கூடக் கூட, அங்கே புதிதாகப் போடுகிறவர்களும் கூடுகிறார்கள் என்று காட்டியது. நீங்கள் செய்வதை நாலு பேர் கண்ணில் படும்படி செய்யுங்கள். மொட்டை மாடியில் ஒளித்து வைத்த தொட்டியைவிட வாசலில் வைத்த தொட்டியைப் பற்றித்தான் வருகிறவர்கள் கேட்பார்கள்.

கேள்வி: சங்கத்தில் நூறு கன்று நட்டோம், பிழைத்தது பதினொன்று. மறுபடி நூறு நடலாமா?

இந்த முறை பதினைந்து நடுங்கள், ஒவ்வொன்றையும் அதற்கு நேர் எதிர் வீட்டுக்காரரிடம் ஒப்படையுங்கள். முதல் இரண்டு கோடை தாண்டும்வரை தண்ணீர் விட ஆள் இருக்கும் கன்றை மட்டும் நட்டால் போதும். ஏற்கெனவே நிற்கும் பெரிய மரங்களின் அடியில் சிமென்ட் பூசியிருந்தால், தண்டைச் சுற்றிக் குறைந்தது மூன்றடிக்காவது உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள், விளம்பரத் தட்டி அடித்த ஆணிகளையும் பிடுங்குங்கள்.

கேள்வி: குழாயெல்லாம் சரியாக மூடியிருக்கிறது. ஆனாலும் தொட்டித் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

கழிவறை பிளஷ் தொட்டியைச் சந்தேகப்படுங்கள், அது சத்தமில்லாமல் ஒழுகும். இரவு எல்லோரும் படுத்த பிறகு, பிளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து கேசரி கலர் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் யாரும் தண்ணீர் இழுக்காமல் இருங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. காலையில் முதல் வேலையாகப் பிளம்பரைக் கூப்பிட்டு அதை மாற்றுங்கள்.