போஸ்ட்மேன் வீடு

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை ஆறேழு ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

என் அப்பா சென்ற மாதம் காலமானார். வயது 72. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் போஸ்ட்மேனாக வேலை பார்த்து 2013-ல் ஓய்வு பெற்றவர். வாய் ஓயாமல் பேசுவார். பால் வாங்கத் தெருவில் இறங்கினால் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். பதினாறாம் நாள் காரியத்துக்கு 150 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தோம். 400 பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். மறுபடி மறுபடி உலை வைக்க வேண்டியிருந்தது. பாதிப் பேர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒரு பாட்டி "போஸ்ட்மேன் வீடு இதானா தாயி?" என்று கேட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். சுருக்குப்பையிலிருந்து நைந்துபோன ஒரு மணியார்டர் துண்டை எடுத்து என் கையில் வைத்து, "நான் பெறாத பிள்ளைல்லா அவன்" என்று அழுதார்.

எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது சார். எட்டாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவில் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். அப்பா வரவில்லை. யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். "ஊருக்குப் போக மிச்சம்தான் நமக்கு" என்று அம்மா சொல்வாள்.

தலைதிவசத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்கிறான் தம்பி. எழுத உட்கார்ந்தால் "அன்பானவர், பழக இனியவர், குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர்" என்பதற்கு மேல் ஓடவில்லை. இது யாருக்கும் பொருந்துமே? எப்படி எழுதுவது? கோபத்தை எழுதலாமா? முதல் பக்கத்தில் எதைப் போடுவது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

---

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலைந்து நாள் ஆகிறது. அந்த மணியார்டர் துண்டு மனசை விட்டுப் போகவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. அந்தக் காலத்து மணியார்டர் பாரத்தில் ஒரு துண்டு தனியாக இருக்கும். பணம் அனுப்புகிறவர் அதில் நாலு வரி எழுதலாம். போஸ்ட்மேன் பணத்தை எண்ணிக் கொடுத்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு, அந்தத் துண்டைக் கிழித்துக் கையில் தருவார். பணம் அன்று சாயங்காலமே அரிசியாகவும் கடனாகவும் போய்விடும். துண்டு மட்டும் வீட்டில் தங்கும். அந்தப் பாட்டிக்கு எழுத்து தெரியுமா என்று நீங்கள் சொல்லவில்லை. தெரியாது என்றால், அந்த நாலு வரியை உங்கள் அப்பாவின் வாயால்தான் கேட்டிருப்பார். தூரத்து ஊரில் இருந்த மகனோ மகளோ எழுதியது, உங்கள் அப்பாவின் குரலில் வந்து சேர்ந்திருக்கிறது. அதைத்தான் இத்தனை வருடம் சுருக்குப்பையில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

என் பெரியப்பா ராஜபாளையத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவரும் உங்கள் அப்பா மாதிரிதான். சாமான் கட்டுகிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் அதிகம். அவர் போனபோது, வீட்டில் எழுதுகிறவன் நான் என்பதால், போஸ்டருக்கும் பத்திரிகை விளம்பரத்துக்கும் வாசகம் எழுதச் சொன்னார்கள். "பாசமிகு குடும்பத் தலைவர், பண்பாளர்" என்று எழுதிக் கொடுத்தேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்து ஒருவருக்கும் அவர் முகம் ஞாபகம் வந்திருக்காது.

காரியம் முடிந்த வாரமே கடையை ஒழித்தோம். சிவப்புத் துணி பைண்டு போட்ட நீளக் கணக்கு நோட்டுகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எடைக்குப் போடக் கட்டும்போது ஒன்றை விரித்துப் பார்த்தேன். ஒரு வீட்டுப் பெயருக்குக் கீழே அரிசி, துவரம் பருப்பு, நல்லெண்ணெய் என்று ஒரு மாதப் பாக்கி. அதற்கும் கீழே பென்சிலில், "பெரிய பிள்ளைக்குப் பரீட்சை. சித்திரை வரை கேட்க வேண்டாம்" என்று இருந்தது. தனக்குத் தானே எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு. படித்தேன், மூடினேன், கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இன்றுவரை மனசு ஆறவில்லை. நான் எழுதியிருக்க வேண்டிய அஞ்சலி அந்தப் பென்சில் வரிதான்.

அதனால் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எதையும் தூக்கிப் போடாதீர்கள். மூக்குக்கண்ணாடிக் கூடு, பழைய டைரி, சட்டைப்பையில் இருந்த சீட்டு, எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கட்டும். அப்பாவின் போனையும் பத்திரப்படுத்துங்கள். அவர் யாருக்காவது குரல் பதிவு அனுப்பியிருந்தால் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். போன் மாற்றும்போது போய்விடும், அப்புறம் கிடைக்காது.

இனி, எப்படி எழுதுவது என்ற கேள்வி. இதற்குப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது, 235-ஆவது. தகடூர், அதாவது இன்றைய தர்மபுரிப் பக்கத்தை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது. அவர் என்ன சொல்கிறார் பாருங்கள். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் சேர்ந்து மகிழ்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமாக இருந்தாலும் பலரோடு உண்பான், நிறைய இருந்தாலும் பலரோடு உண்பான். எலும்போடு கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்குத் தருவான். அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் தான் போய் நிற்பான். அப்புறம் வருகிறது அந்த வரி:

"நரந்தம் நாறும் தன்கையால்
புலவுநாறும் என்தலை தைவரும் மன்னே"

வாசனைக் கையால், புலால் வாடை அடிக்கும் என் தலையைத் தடவிக் கொடுப்பான். இதுவரை வந்த ஒவ்வொரு வாக்கியமும் "மன்னே" என்று முடிகிறது. அதெல்லாம் போயிற்றே என்று அதற்குப் பொருள். வள்ளல், வீரன் என்ற சொல்லை வைத்து ஔவை தொடங்கவில்லை. கள், சோறு, கறி, தலையைத் தடவிய கை, கையில் இருந்த வாசனை என்று போகிறார். ஏறக்குறைய 2000 வருடம் கழித்தும் அந்த மனிதன் எப்படிப் பழகினான் என்று நமக்குத் தெரிகிறது. நம் ஊர் ஒப்பாரியும் இப்படித்தானே? செத்தவரை உட்கார வைத்து நேருக்கு நேர் பேசுவது போல, நீ இதைச் செய்தாயே, இப்படி வந்தாயே என்றுதான் பெண்கள் பாடுவார்கள். உங்கள் வீட்டில் பாடியிருந்தால் என்ன பாடினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அதில் பாதிப் புத்தகம் இருக்கலாம்.

வந்த 400 பேரில் ஒரு முப்பது பேரையாவது திரும்பப் பாருங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். தங்கமானவர் என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். கடைசியாக எங்கே பார்த்தீர்கள், சைக்கிளை எதில் சாய்த்து வைப்பார், உங்கள் வீட்டில் திண்ணையில் உட்காருவாரா, உள்ளே வருவாரா, காப்பியா மோரா, என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று கேளுங்கள். அவர்கள் பேச்சை அப்படியே எழுதுங்கள். "பெறாத பிள்ளைல்லா" என்பதைப் "பெறாத பிள்ளை அல்லவா" என்று திருத்திவிடாதீர்கள்.

தந்தியைப் பற்றியும் கேளுங்கள். உங்கள் அப்பா ஓய்வு பெற்ற அதே 2013-ல், ஜூலை மாதம், தந்திச் சேவையை நாடு முழுக்க நிறுத்தினார்கள். அதற்கு முன்னால் கிராமத்தில் தந்தி என்றாலே வயிற்றைப் பிசையும். ஓரத்தில் கறுப்பு மை தடவிய கருமாதிக் கடிதமும் அப்படித்தான். வாசலிலேயே வாசித்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். அதுவும், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையும் ஒரே பையில்தான் வரும். இப்படி வருடக்கணக்கில் வீடு வீடாகப் போய் நின்றவருக்கு எந்த வாசலிலும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் தண்ணீர் கேட்பாரா? பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்வாரா? அந்த வாசலில் அன்று நின்ற யாராவது இன்னும் இருப்பார்கள். பால் வாங்கப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடுதாசி நின்றுபோனாலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. படிக்கத் தெரியாத வீடுகளுக்குக் கடிதம் வாசித்துக் காட்டியவருக்கு ஊரின் ரகசியமெல்லாம் தெரிந்திருக்கும். எந்த மகன் பணம் அனுப்புவதை நிறுத்தினான், எந்த மருமகள் என்ன எழுதினாள் என்று தெரியும். அவ்வளவு பேசுகிறவர் அதையெல்லாம் வெளியே சொன்னாரா என்று நினைத்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் 400 பேர் வந்திருக்க மாட்டார்கள். கதை சேர்க்கும்போது யார் பெயராவது இப்படி வந்தால் விட்டுவிடுங்கள். அவர் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார் என்பதையும்.

அம்மாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான். நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளும் மனிதரின் வீட்டில் இன்னொருவர் அடுப்படியில் நின்றிருப்பார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர்களுக்கு அம்மா எத்தனை தடவை உலை வைத்திருப்பார்? இருக்கிற குழம்பில் எத்தனை தடவை வெந்நீர் விட்டு நீட்டியிருப்பார்? யார் முன்னாலும் அதைக் காட்டிக்கொள்ளாமல் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று சொல்லியிருப்பார். அதியமானோடு உண்ட அத்தனை கலத்துக்கும் சோறு வடித்தவர் யாரென்று பாட்டில் இல்லை. உங்கள் புத்தகத்தில் அது இருக்க வேண்டும். முப்பது பேரைப் பார்க்கும் முன் அம்மாவிடம் உட்காருங்கள். ஒரே நாளில் கேட்காதீர்கள். கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது கேளுங்கள். அம்மா குறை சொன்னால் குறையாகவே எழுதுங்கள்.

கோபத்தை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதத்தான் வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை மேடையில் பரிசை வாங்கிக்கொண்டு கூட்டத்தில் அப்பாவைத் தேடியது உண்மை. அதை விட்டுவிட்டு எழுதினால், வாசிக்கிறவர்கள் விட்டாலும் உங்கள் தம்பி கண்டுபிடித்துவிடுவான். அன்றைக்கு அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது யாரை என்று விசாரித்துப் பாருங்கள். பதினாறாம் நாள் பந்தியில் அவரோ அவர் பிள்ளையோ உட்கார்ந்திருக்கலாம். கிடைத்தால், அந்த நாளை இரண்டு பக்கமாக எழுதுங்கள். ஒரு பக்கம் பள்ளிக்கூட மேடை, எதிர்ப் பக்கம் ஆஸ்பத்திரி வராந்தா. நடுவில் தீர்ப்பு எதுவும் வேண்டாம். தெரிந்துகொண்டால் கோபம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. பெரியப்பா மேல் எனக்கு இன்னும் இரண்டு கோபம் பாக்கி இருக்கிறது, அதோடுதான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

படம் போடுவீர்கள் அல்லவா? விரைப்பாக நிற்கிற பாஸ்போர்ட் படத்தை மட்டும் போடாதீர்கள். சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பங்களைத் தேடுங்கள். மணமக்களோடு நிற்கிற படங்களில் இருக்க மாட்டார். பந்திப் படங்களில் பாருங்கள், சாம்பார் வாளியோடு எங்காவது ஓரத்தில் இருப்பார், பாதி முகம்தான் விழுந்திருக்கும். அதைப் போடுங்கள்.

முதல் பக்கத்துக்கு எனக்குத் தோன்றுவது இது. போஸ்ட்மேனுக்கு "பீட்" என்று ஒன்று உண்டு. தினமும் எந்தத் தெருவில் தொடங்கி, எந்தெந்த வீடு வழியாக, எங்கே முடிப்பது என்ற வரிசை. காலையில் கடிதங்களைப் பிரித்து அடுக்குவதே அந்த வரிசைப்படிதான். உங்கள் அப்பாவுக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்திருக்கும். அந்த வரிசையை முதல் பக்கத்தில் போடுங்கள். டீக்கடை, பள்ளிக்கூடம், வேப்பமரத்து வீடு, பாட்டி வீடு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, ஊரார் சொல்லும் அதே பெயரில். கடைசியில் உங்கள் வீடு. அம்மாவுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். மீதிக்கு, அப்பாவுக்குப் பிறகு அதே பீட்டுக்கு வந்த போஸ்ட்மேனைக் கேளுங்கள். ஒரு நாள் காலையில் அவரோடு நடந்தே போய்விட்டு வரலாம். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.