எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமாவுக்கு ஸ்கோப் இருக்கா? மகளை பாலிடெக்னிக்கில் சேர்க்கலாமா?

மக எஸ்.எஸ்.எல்.சி.ல 61 சதவீதம், பி.யு.சி. (பிளஸ் டூ மாதிரி) சயன்ஸ் எடுத்தா திணறுவாளோன்னு பயம், பெங்களூர்லயே பாலிடெக்னிக்ல எலெக்ட்ரானிக்ஸ் சேர்க்கலாம்னு யோசனை, ஆனா "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது, ஸ்கோப்பே கிடையாது"ன்னு சொந்தத்துல ஒருத்தர் சொல்லிட்டார். இதானே உங்க கேள்வி? அந்த ஒருத்தர் அநேகமா சாஃப்ட்வேர்ல இருக்கிற மச்சானா இருப்பார். எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார்.

நானும் பெங்களூர்தான், ஸ்ரீராமபுரம். 2003ல டிப்ளமா சேர்ந்து 2006ல முடிச்சேன். அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் பீன்யா தொழிற்பேட்டைல எலெக்ட்ரானிக் போர்டு டெஸ்டிங், சர்வீஸ். கம்பெனி மூணு மாறிட்டேன், வேலை மாறல. அதனால "சேர்க்கலாமா"ங்கிறதுக்கு என் பதில் சேர்க்கலாம். ஆனா ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.

முதல்ல எங்கம்மா. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. 1980கள்ல தூரவாணி நகர் ஐ.டி.ஐ.ல அசெம்பிளி லைன்ல இருந்தாங்க, அந்தக் கறுப்பு டயல் ஃபோன் காலம். (பெங்களூர்க்காரங்களுக்குத் தெரியும், இங்க ஐ.டி.ஐ.ன்னா ரெண்டு. ஒண்ணு 1948ல ஆரம்பிச்ச டெலிஃபோன் ஃபேக்டரி, இன்னொண்ணு தொழிற்பயிற்சி படிப்பு. "எங்கம்மா ஐ.டி.ஐ."ன்னு சொன்னா காலேஜ்ல எல்லாரும் அவங்க ஃபிட்டர் படிச்சாங்கன்னு நினைச்சாங்க.) முதல் செமஸ்டர்ல நான் சால்டரிங் பண்ணிட்டு வந்த போர்டை அம்மா ட்யூப்லைட் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாங்க. "இதென்னடி, எலிப்புழுக்கை மாதிரி உருட்டி வெச்சிருக்க?" அப்புறம் எஸ்.பி. ரோட்ல வாங்கின என் 25 வாட் அயர்னைப் பிடுங்கி அவங்களே காட்டினாங்க. முனையை ஈயத்துல வெக்கக் கூடாது. பார்ட்டோட கம்பிக் காலையும் போர்டுல இருக்கிற செம்பையும் சேர்த்து மூணு எண்ணுற வரைக்கும் சூடாக்கணும், அப்புறம் ஈயத்தை எதிர்ப்பக்கத்துலேர்ந்து காட்டணும், அதுவா ஓடிப் போய் உட்காரும். ஆறுற வரைக்கும் அசைக்கக் கூடாது, ஊதக் கூடாது. பளபளன்னு இருந்தா பிடிச்சிருக்கு, மங்கலா சாம்பல் பூத்த மாதிரி இருந்தா ட்ரை சால்டர், என்னைக்காவது ஒருநாள் காலை வாரும். எங்க லெக்சரர் இதையே போர்டுல படம் போட்டு நடத்தினார். கைக்கு வந்தது அம்மாகிட்டதான்.

அதனால கைவேலை எனக்குத் தகராறு இல்ல. தகராறு லேப்ல.

எங்க லேப்ல ஒரு டேபிளுக்கு எட்டுப் பேர், ஒரே ஒரு சி.ஆர்.ஓ. அதாங்க, ஆசிலாஸ்கோப், வோல்டேஜ் ஏறி இறங்குறதைத் திரைல கோடா காட்டுற கருவி, வேலை இடத்துல "ஸ்கோப்"னு சொல்றது. உங்க சொந்தக்காரர் ஸ்கோப் இல்லன்னு சொன்னதுல ஒரு உண்மை இருக்கு, எங்க டேபிள்லயும் எனக்கு இல்ல. எட்டுல ரெண்டு பேர் பொண்ணுங்க. முதல் நாளே ஒருத்தன் சொன்னான், "நீ எழுதுப்பா, உன் கையெழுத்து நல்லா இருக்கு." பெருமையா இருந்துச்சு, எழுதினேன். மூணு வருஷமும் எழுதினேன். அவனுங்க குமிழைத் திருப்புவானுங்க, "டூ பாயிண்ட் ஃபோர்"னு கத்துவானுங்க, நான் அட்டவணைல போடுவேன். ரெக்கார்டு நோட்டுல எனக்குத்தான் முழு மார்க். வைவாவுல கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். ஃபர்ஸ்ட் கிளாஸ்.

இப்ப 2006 கடைசி, முதல் வேலை. கம்பெனி பேர் வேணாம். ஒரு மெஷினோட பவர் சப்ளை மேசைக்கு வந்துச்சு, எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கரண்ட்டை வேகமா ஆன்-ஆஃப் பண்ணி வேணுங்கிற வோல்டேஜைக் கொடுக்கிற வகை. ஆன் பண்ணா வெளிய வோல்டேஜ் வராது, உள்ள டிக்... டிக்... டிக்குன்னு பல்லி மாதிரி சத்தம். அதை நடத்துற சிப், அதாவது கன்ட்ரோல் ஐ.சி., யூசி3842. நான் ஐ.சி.யை மாத்தினேன். டிக். ஆன்-ஆஃப் பண்ற மாஸ்ஃபெட்டை மாத்தினேன். டிக். இன்னொரு ஐ.சி. டூப்ளிகேட்டா இருக்குமோன்னு வேற கடைல வாங்கின மூணாவது ஐ.சி. மூணு நாள் ஓடிப் போச்சு. ஐ.சி.யோட சப்ளை பின்ல மீட்டரை வெச்சா 12, 14, 11னு எண்ணு தவ்விக்கிட்டே இருக்கு, ஒண்ணும் புரியல.

கே.ஜி.எஃப்.லேர்ந்து தினம் ட்ரெயின்ல வர்ற சீனியர் ஒருத்தர் இருந்தார். படிப்பு ஐ.டி.ஐ. (ரெண்டாவது ஐ.டி.ஐ.), எலெக்ட்ரானிக் மெக்கானிக். பின்னாடி நின்னு பார்த்துட்டு, "என்னாம்மா, ஸ்கோப் வெச்சுப் பாத்தியா?"ன்னார். எழுந்து போய் ஸ்கோப்பை எடுத்துட்டு வந்தேன். ஆன் பண்ணேன். திரைல கோடே வரல. எந்தக் குமிழைத் தொடணும்னு எனக்குத் தெரியல. மூணு வருஷத்துல நூறு அலைவடிவம் வரைஞ்சிருக்கேன் நோட்டுல, ஸ்கேல் வெச்சு, கலர் பென்சில்ல. அந்த மெஷினை ஒரு தடவைகூட நான் தனியா ஓட்டினதில்ல. அவருக்கு அது உடனே புரிஞ்சுபோச்சு. ஒண்ணும் சொல்லல. அது திட்டினதை விட மோசமா இருந்துச்சு.

முதல்ல அவர் கேட்டது, "ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டியா?" மெயின் லைனோட நேரடித் தொடர்பை அறுக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் அது. போடல. எஸ்.எம்.பி.எஸ்.ல உள்ளே வர்ற 230 வோல்ட் நேரா டி.சி. ஆகி பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் கிட்ட நிக்கும். அந்தப் பக்கம் ஸ்கோப்போட எர்த் க்ளிப்பை மாட்டினா படார்தான், கை வெச்சிருந்தா ஆளும் காலி. ட்ரான்ஸ்ஃபார்மரை இடையில போட்டுட்டு, ஒரு கட்டம் 5 வோல்ட்னு வெச்சு, டைமை மெதுவாக்கிக் காட்டினார். பச்சைப் புள்ளி மெல்ல மெல்ல ஏறுது. மூணு கட்டம் தாண்டிக் கொஞ்சம், அதாவது 16. அங்கேர்ந்து தடால்னு ரெண்டாவது கட்டத்துக்கு, 10. மறுபடி ஏறுது, மறுபடி விழுது. ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு டிக்.

யூசி3842 முழிச்சுக்கிறது 16 வோல்ட்ல, தூங்கப் போறது 10ல. இது எனக்குத் தெரியும், பரீட்சைல எழுதியிருக்கேன்! 325 வோல்ட்லேர்ந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியா சொட்டு சொட்டா ஒரு சின்ன கெப்பாசிட்டர் நிறையும், நம்ம தெருக்குழாய்ல குடம் நிறையுற மாதிரி. 16 ஆனதும் ஐ.சி. எழுந்து அந்தக் குடத்துத் தண்ணியைக் குடிச்சு சப்ளைக்குள்ள இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மரை ஓட்டும். அது தீர்றதுக்குள்ள அந்த ட்ரான்ஸ்ஃபார்மரோட இன்னொரு கம்பிச் சுத்து கரண்ட்டைக் கொடுத்துக் கைதூக்கி விடணும். இங்க குடம் டம்ளரா சுருங்கிப் போச்சு. ஹீட்சிங்க் பக்கத்துலயே வெச்சதால வெந்து காஞ்சுபோன 47 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். பார்க்க ஒரு குறையும் இல்ல, வீங்கல, ஒழுகல. அப்போ ரெண்டு மூணு ரூபாய்ச் சாமான். மாத்தினோம், டிக் நின்னுச்சு, சப்ளை ஓட ஆரம்பிச்சுது.

அன்னைலேர்ந்து தினம் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் அரை மணி நேரம் ஸ்கோப் முன்னாடி உட்கார ஆரம்பிச்சேன். 19 வயசுல கத்துக்கிட்டேன், 16 வயசுலயே கத்துக்கிட்டிருக்கலாம்.

பையனுங்களைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. பேனாவைக் கையில எடுத்தது நான்தான். பி.இ. படிச்சவங்களும் சண்டைக்கு வராதீங்க, என்கிட்ட வர்ற பி.இ. பசங்க நிறைய பேர் கணக்குல புலி. அது எனக்கு இன்னும் வராது.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தமில்லதான். அந்த சாஃப்ட்வேர் மச்சான் கல்யாண வீட்டுக்கு வந்தா சோஃபா போட்டு உட்கார வெப்பாங்க. நான் போனா, புடவையைக்கூட மாத்தல, "நல்ல வேளை வந்த, இந்த மிக்ஸி சுத்த மாட்டேங்குது"ன்னு கைல கொடுப்பாங்க. போன வருஷம் திருப்பத்தூர்ல சீமந்தத்துக்குப் போய் ரெண்டு ரிமோட், ஒரு எமர்ஜென்சி லைட். மிக்ஸி மோட்டார்ல கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு, வாங்கிப் போடுங்கன்னா, "இவ்ளோதானா, இதுக்கா மூணு வருஷம் படிச்ச?" மச்சான்கிட்ட போய் யாராவது ஓசில ஆப் எழுதிக் கொடுன்னு கேப்பாங்களா? சரி, விடுங்க.

உங்க மக விஷயம். டிப்ளமா மூணு வருஷம், ஆறு செமஸ்டர். முடிச்சிட்டு டி.சி.இ.டி. (டிப்ளமாக்காரங்களுக்கான நுழைவுத் தேர்வு) எழுதினா பி.இ. ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம், அதனால கதவு மூடிடும்னு சொன்னா நம்பாதீங்க. வேலைக்குப் போறதா இருந்தா முதல்ல ஒரு வருஷம் அப்ரென்டிஸ் போகச் சொல்லுங்க, காசு கம்மிதான், ஆனா நல்ல கருவிகளைத் தொடலாம். சம்பளம்? ஆரம்பத்துல சாஃப்ட்வேர் மச்சான் சிரிப்பார். "டெக்னீஷியன்"ங்கிற பேர் அட்டைல ரொம்ப வருஷம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அது எனக்கு இன்னும் உறுத்துது.

ஃபார்ம் போடறதுக்கு முன்னாடி மகளையும் கூட்டிட்டு ஒரு வேலை நாள்ல காலேஜுக்குப் போங்க. பிரின்சிபால் ரூம்ல உட்கார்ந்து ஃபீஸ் மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. எலெக்ட்ரானிக்ஸ் லேப் எங்கேன்னு கேட்டு உள்ள எட்டிப் பாருங்க. ஒரு டேபிளுக்கு எத்தனை பேர், எத்தனை ஸ்கோப், யார் கை குமிழ்ல இருக்கு, யார் கைல பேனா இருக்கு. ஸ்கோப் எல்லாம் துணி போட்டு மூடி, துணி மேல தூசி படிஞ்சிருந்தா வேற காலேஜ் பாருங்க.